மருந்துச் செயலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? பத்து மாத்திரை அட்டைகளை வைத்து ஒரு சோதனை

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் சிகிச்சையகம் நடத்துகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். படிப்பை முடித்துவிட்டு இந்தக் கரையோரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பணிக்கு வரும் இளம் மருத்துவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கைபேசியில் எந்த மருந்துச் செயலியை வைத்துக்கொள்ளலாம், அக்கா?"

பெயரைச் சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் பெயரை மட்டும் நம்பியதால் எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் வலை பின்னும் பெரியவர் ஒருவர் வந்தார். இதய வால்வு மாற்றியவர். இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. ஈர வேட்டியோடே நாள் முழுவதும் இருப்பவர்களுக்கு இங்கே அது தீராத தொல்லை. மஞ்சள் பையைக் கவிழ்த்தார், ஏழு அட்டைகள் விழுந்தன. வாரம் ஒரு ஃப்ளுகோனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரை) கொடுக்கலாம் என்று நினைத்து, ஏழு பெயர்களையும் அதனோடு சேர்த்து ஒரு வெளிநாட்டுச் செயலியின் இடைவினைப் பகுதியில் (மருந்துகள் ஒன்றோடொன்று மோதுமா என்று பார்க்கும் இடம்) ஒவ்வொன்றாகத் தட்டினேன். பச்சை நிறத்தில் பதில் வந்தது: இடைவினை எதுவும் இல்லை. எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் மருமகள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். தோளில் கிடந்த துண்டின் ஓரம் முழுக்கச் சிவப்பு. ஈறிலிருந்து இரண்டு நாளாக ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 6.2, மிக அதிகம். உடனே ராமநாதபுரத்துக்கு அனுப்பினோம், நல்லவேளையாகத் தேறிவிட்டார். அன்றிரவு அதே ஏழு பெயர்களை மறுபடியும் தட்டிப் பார்த்தேன். செயலியின் பட்டியலில் ஃப்ளுகோனசோலோடு ஆறு பெயர்கள்தான் ஏறின. ஏறாத ஒன்று அசெனோகூமரால், ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் விழுங்கும் மாத்திரை. அது அமெரிக்காவில் விற்பனையில் இல்லாத மருந்து. அதனால் அந்தச் செயலிக்கு அப்படியொரு மருந்து இருப்பதே தெரியாது. தட்டியபோது ஒன்றும் வரவில்லை, நான் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். ஃப்ளுகோனசோலும் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையும் சேரக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. பச்சையைப் பார்த்ததும் மனம் யோசிப்பதை நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகு உட்கார்ந்து செய்த சோதனை இது. கடையிலிருந்து செயலியை இறக்குவது, கணக்குத் தொடங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் படி: இறக்குவதற்கு முன் அட்டைகளைச் சேருங்கள்

எந்தச் செயலியையும் இறக்குவதற்கு முன் ஒரு வாரம் உங்களிடம் வரும் நோயாளிகளின் மாத்திரை அட்டைகளைக் கவனியுங்கள். பத்துப் பெயரைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நட்சத்திர மதிப்பெண்ணோ பதிவிறக்க எண்ணிக்கையோ உங்கள் ஊரைப் பற்றி எதுவும் சொல்லாது, இந்தப் பத்துப் பெயர் சொல்லும்.

என்னுடைய பத்தில் இவை இருந்தன: மேலே சொன்ன அசெனோகூமரால். அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த வலி மாத்திரை. கிளைக்ளசைடு. கிளைமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒன்றாக இருக்கும் சர்க்கரை மாத்திரை. டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ரத்த அழுத்த மாத்திரை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின். குழந்தைகளின் காய்ச்சல் சிரப். சளிக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து. அரசு மருத்துவமனையில் காகித உறையில் போட்டுக் கொடுத்த, பெயரே இல்லாத வெள்ளை மாத்திரை. கடைசியாக, கீழக்கரைப் பையன் ஒருவன் தன் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது என்று காட்டிய பனடால்.

இவற்றில் பாதிக்குமேல் அமெரிக்க மருந்துக் கடையில் இந்த வடிவில் கிடைக்காதவை. அசெக்ளோஃபெனாக், கிளைக்ளசைடு, வோக்லிபோஸ், அசெனோகூமரால் நான்குமே அங்கே இல்லை. நம் ஊரிலோ ஒரு நாள்கூட இவை இல்லாமல் கழியாது.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியும் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதிய விடையும் இருக்கட்டும். விடை தெரிந்த கேள்வியைக் கேட்டால்தான் செயலியை எடைபோட முடியும். தெரியாததைக் கேட்டால் அது சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாம் படி: மூன்றுக்குமேல் வேண்டாம்

ஏழெட்டு இறக்கிக்கொண்டால் ஒன்றையும் உருப்படியாகப் பழகமாட்டீர்கள். கிடைப்பவை பொதுவாக மூன்று வகை.

முதலாவது, அமெரிக்காவை மையமாகக் கொண்ட இலவசச் செயலிகள். மெட்ஸ்கேப், எபோக்ரேட்டஸ் போன்றவை. பதிவு செய்தால் போதும், பணம் வேண்டாம். மருந்தின் செயல்முறை, பக்கவிளைவு, கர்ப்பகால எச்சரிக்கை எல்லாம் விரிவாக இருக்கும். பிராண்டுப் பெயர்கள் அந்த நாட்டுடையவை.

இரண்டாவது, இந்தியப் பிராண்டுப் பெயரைத் தட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுபவை. மிம்ஸ் அந்த வகை. பதிவு செய்யும்போது நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்; வேறு நாடு தேர்வாகிவிட்டால் வேறு ஊர்ப் பெயர்கள்தான் முன்னால் வரும். இணையத்தில் மருந்து விற்கும் கடைகளின் செயலிகளும் இந்த வேலையைச் செய்கின்றன. அட்டையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவற்றைத் திறப்பதில் தவறில்லை. அளவுக்கு அவற்றை நம்பாதீர்கள், அவை பொதுமக்களுக்காக எழுதப்பட்டவை.

மூன்றாவது, கட்டணச் செயலிகள். அப்டுடேட், அதோடு வரும் மருந்துப் பகுதி, மைக்ரோமெடெக்ஸ் முதலியவை. அமெரிக்காவில் விற்காத மருந்துகள் பலவற்றையும், அங்கே கிடைக்காது என்ற குறிப்போடு அப்டுடேட் வைத்திருக்கிறது. அந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அதன்மேல் மதிப்பு. தனியாளாகச் சந்தா கட்டுவது சிறிய சிகிச்சையகத்துக்குப் பெரும் சுமை. நீங்கள் மருத்துவக் கல்லூரியோடு தொடர்பில் இருந்தால் நூலகத்தில் கேளுங்கள்; நிறுவனச் சந்தா இருந்தால் உங்களுக்கும் வழி கிடைக்கலாம்.

இவற்றோடு இரண்டு நூல்கள் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்று, 384 மருந்துகள் கொண்ட 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல். மற்றொன்று, காசியாபாத்திலுள்ள இந்திய ஃபார்மகோபியா ஆணையம் வெளியிடும் நேஷனல் ஃபார்முலரி ஆஃப் இந்தியா என்ற மருந்துக் கையேடு. அதன் ஆறாம் பதிப்பு 2021-இல் வந்தது. செயலியில் இல்லாத நம் நாட்டு மருந்தை எங்கே தேடுவது என்று திகைக்கும்போது நான் முதலில் புரட்டுவது இதைத்தான்.

மூன்றாம் படி: பெயரைத் தட்டிப் பாருங்கள்

நாம் படித்த பெயர் ஒன்று, அமெரிக்கர்கள் வழங்கும் பெயர் ஒன்று. பாராசிட்டமால் அங்கே அசெட்டமினோஃபென். சால்புட்டமால் ஆல்புட்டெரால். அட்ரினலின் எபிநெஃப்ரின். ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின். கிளைபென்கிளமைடு கிளைபுரைடு. பெத்திடின் மெப்பெரிடின். நல்ல செயலி நம் பெயரைத் தட்டினாலும் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். இந்த ஆறில் ஐந்தைக்கூடக் கண்டுபிடிக்காத செயலியை அங்கேயே நீக்கிவிடுங்கள். ஒருவர் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது அட்ரினலினுக்கு அமெரிக்காவில் என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. பழைய பெயர்களையும் சோதியுங்கள்: அசெனோகூமராலுக்கு நிக்கோமலோன் என்று இன்னொரு பெயர் உண்டு, சில சீட்டுகளில் இன்றும் அப்படித்தான் இருக்கும்.

நான்காம் படி: இடைவினைச் சோதனை, இங்கே நிதானமாக இருங்கள்

நான் விழுந்த இடம் இது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் விதி: எண்ணுங்கள். நோயாளியிடம் ஏழு மருந்து இருந்தால் செயலியின் பட்டியலிலும் ஏழு இருக்க வேண்டும். ஆறு இருந்தால் வந்த பதில் அந்த ஆறுக்கு மட்டுமே. "கண்டுபிடிக்க முடியவில்லை" என்பதும் "மோதல் இல்லை" என்பதும் திரையில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிர் இருக்கிறது. நான் இப்போது சீட்டின் மூலையில் மருந்துகளின் எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதி வட்டமிட்டுவிட்டுத்தான் கைபேசியை எடுக்கிறேன்.

இரண்டாவது: கூட்டு மாத்திரையைப் பிரித்துப் போடுங்கள். ஒரு பிராண்டுப் பெயருக்குள் மூன்று மருந்து இருக்கும். எண்ணும்போதும் மூன்றாகவே எண்ணுங்கள். பெயரின் பின்னால் ஒட்டியிருக்கும் ப்ளஸ், ஃபோர்ட், ஓர் எழுத்து, ஓர் எண் ஆகியவற்றை அலட்சியப்படுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் சரக்கே மாறிவிடும். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பொதுப்பெயர்தான் நம் ஆதாரம். பாதி கிழித்த அட்டையில் அந்தப் பகுதிதான் முதலில் போயிருக்கும். அதனால் என் நோயாளிகளிடம் மாத்திரையை எந்தப் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது: கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விடியும் முன்பே தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள். பாறையில் குனிந்து குனிந்து எடுப்பதால் முதுகும் முழங்காலும் விண்ணென்று வலிக்கும். கடலுக்குப் புறப்படும்போதே ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறவர்கள் பலர். அவர்களில் ஒருவர் டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரையும் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். வலி மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பெருக்கி என்று மூன்றும் சேர்ந்துவிட்டன. வெயிலில் உடல்நீரும் வற்றினால் சிறுநீரகம் சட்டென்று பழுதாகலாம். பெரும்பாலான செயலிகள் மருந்துகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டுத்தான் எச்சரிக்கின்றன. மூன்றையும் போடும்போது தனித்தனியாக மஞ்சள் நிற எச்சரிக்கைகள் வரும். மூன்றும் சேர்ந்தால் வரும் ஆபத்து எந்த வரியிலும் இருக்காது. அதைத் தெளிவாகச் சொல்லும் செயலிக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். சொல்லாவிட்டால் அதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே இன்னொன்றும் உண்டு. அந்த வலி மாத்திரை சீட்டில் இருக்காது, அட்டையாகவும் வராது. பெட்டிக்கடையில் ஒற்றை மாத்திரையாக வாங்கியது. "வலிக்கு வேறு ஏதாவது போடுகிறீர்களா, அம்மா?" என்று வாயைத் திறந்து கேட்டால்தான் வெளியே வரும்.

மற்ற மோதல்களுக்கு இந்த மூன்று போதும்: வார்ஃபரினோடு மெட்ரோனிடசோல், சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின், ரிஃபாம்பிசினோடு கருத்தடை மாத்திரை. மூன்றிலும் கடுமையான எச்சரிக்கை வர வேண்டும். வராத செயலியை வைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. அதேபோல எதைப் போட்டாலும் சிவப்பு காட்டும் செயலியும் வேண்டாம். பத்தாவது முறை சிவப்பைப் பார்க்கும் விரல் படிக்காமலே தள்ளிவிடும்.

ஐந்தாம் படி: சிறுநீரகக் கணக்கு

68 வயதுப் பெண்மணி, எடை 42 கிலோ, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.4 மில்லிகிராம். நீண்டகாலச் சர்க்கரை, உள்ளங்கால் எரிச்சல். நரம்பு வலிக்கான கேபாபென்டின் கொடுக்க நினைக்கிறோம். செயலியிலுள்ள கணக்கியில் இதைப் போட்டுப் பாருங்கள்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிக்கும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தைக் கையாலேயே போடலாம். 140-இலிருந்து வயதைக் கழித்தால் 72. அதை எடையால் பெருக்கி, 72 பெருக்கல் கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். மேலேயும் கீழேயும் 72 அடிபட்டுப்போகும், 42-ஐ 1.4-ஆல் வகுத்தால் 30. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 25.5. அதே பெண்மணிக்கு அதையே கணிக்கும் இன்னொரு சூத்திரமான 2021-இன் சி.கே.டி.-ஈ.பி.ஐ.-யைப் போட்டால் 41 வருகிறது.

இரண்டும் ஒரே ஆள்தான், ஒரே ரத்தம்தான். 41 என்று எடுத்துக்கொண்டால் கேபாபென்டினை ஒரு நாளைக்கு 400 முதல் 1,400 மில்லிகிராம் வரை கொடுக்கலாம் என்று அட்டவணை சொல்லும். 25 என்று எடுத்தால் 200 முதல் 700 வரைதான். ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். அந்தப் பெண்மணி தள்ளாடிக் கீழே விழுவதும் விழாமல் இருப்பதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. 41 என்பது 1.73 சதுர மீட்டர் உடற்பரப்பு உள்ளவருக்கென்று சரிசெய்த எண். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு அவ்வளவு உடற்பரப்பு கிடையாது. கேபாபென்டினின் அட்டவணை கிரியாட்டினின் கிளியரன்ஸை (சிறுநீரகம் கிரியாட்டினினை வெளியேற்றும் வேகம்) வைத்து எழுதப்பட்டது, ஆகவே காக்ராஃப்ட்-கால்ட் எண்தான் இங்கே சரி. மெட்ஃபார்மினுக்கு வந்தால் மாறிவிடும். அதன் எல்லைகள் ஈ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சி.கே.டி.-ஈ.பி.ஐ. போன்ற சூத்திரம் தரும் எண்ணை வைத்துச் சொல்லப்படுகின்றன. எந்த மருந்துக்கு எந்த எண் என்பதை மருந்துப் பக்கத்திலேயே தெளிவாகக் குறிப்பிடும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். வெறுமனே "சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் குறைக்கவும்" என்று எழுதியிருந்தால் அது நமக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

அலகையும் பாருங்கள். பிரிட்டிஷ் நூல்களும் கணக்கிகளும் கிரியாட்டினினை மைக்ரோமோலில் கேட்கும். நம் 1.4 அங்கே ஏறக்குறைய 124. மைக்ரோமோல் கட்டத்தில் 1.4 என்று போட்டால், சரியான கணக்கி மறுக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் ஓர் எண்ணைக் காட்டினால் அந்தக் கணக்கியை நம்பாதீர்கள்.

ஆறாம் படி: குழந்தையின் காய்ச்சல் சிரப்

12 கிலோ எடையுள்ள குழந்தை, கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால், மொத்தம் 180 மில்லிகிராம். இதுவரை சிக்கல் இல்லை. மில்லிலிட்டருக்கு மாற்றும்போதுதான் சிக்கல். அமெரிக்கச் சிரப்பில் 5 மில்லியில் 160 மில்லிகிராம் இருக்கும். அந்தக் கணக்குப்படி 5.6 மில்லி. நம் கடையில் 5 மில்லியில் 125 உள்ளதும் 250 உள்ளதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. முதலாவதில் 7.2 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. சொட்டு மருந்தாக மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ளதென்றால் 1.8 மில்லிதான். செயலி மில்லிலிட்டரில் சொல்லும் விடையை ஒருபோதும் சீட்டில் எழுதாதீர்கள். மில்லிகிராமை மட்டும் எடுத்துக்கொண்டு, புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்து, அந்தத் தாயின் முன்னால் சிரிஞ்சில் இழுத்துக் காட்டுங்கள்.

எடைக் கட்டம் பவுண்டில் இருக்கிறதா கிலோவிலா என்று முதல் நாளே அமைப்பில் பார்த்து மாற்றிவிடுங்கள். 12 பவுண்டு என்றால் ஐந்தரைக் கிலோகூட இல்லை.

சளி மருந்துக்கு ஒரு கேள்வி. குளோர்ஃபெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று புட்டியில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை உத்தரவிட்டது. 2024 ஆகஸ்டில் 156 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. இந்தச் செய்திகள் உங்கள் இந்தியச் செயலிக்குத் தெரிகிறதா என்று தேடுங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதை அறிய இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் படி: சிக்னல் இல்லாத இடத்தில்

விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு, செயலியை முழுவதும் மூடித் திறந்து, அதே பத்துப் பெயரைத் தேடுங்கள். மருந்துப் பக்கம் திறக்கும், ஆனால் இடைவினைப் பகுதி சுற்றிக்கொண்டே நிற்கும் என்பது அடிக்கடி நடப்பது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சிக்னல் கம்பிகள் நிறைய தெரியும், ஒரு பக்கமும் திறக்காது. மருத்துவ முகாமுக்குப் போவதற்கு முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் தரவைப் புதுப்பித்துவிடுங்கள்.

என் கைபேசியில் இப்போது இருப்பவை

இந்தியப் பிராண்டைப் பிரித்துப் பார்க்க மிம்ஸ். மருந்தைப் பற்றி ஆழமாகப் படிக்க மெட்ஸ்கேப். கோப்பாக நேஷனல் ஃபார்முலரியும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலும். இவ்வளவுதான். ஒரே செயலி எல்லாவற்றுக்கும் போதும் என்று யாராவது சொன்னால், அவர்களிடம் உங்கள் பத்து அட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள். இலவசச் செயலிகளில் மருந்து நிறுவனங்களின் விளம்பரம் வரும். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஆனால் விளம்பரம் எது, தகவல் எது என்று கோடு போட்டுக் காட்டாத செயலியை நான் வைத்துக்கொள்ளமாட்டேன். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்பதையும் மறுத்துவிடுங்கள், மருந்தின் அளவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நோயாளியின் பெயரை எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள்.

வாசகர்கள் எழுதிய பிறகு சேர்த்தவை

தொண்டியிலிருந்து ஒரு மருந்தாளுநர் எழுதியிருந்தார்: வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் அட்டைகளுக்கு இந்தியச் செயலியும் உதவவில்லை, அமெரிக்கச் செயலியும் உதவவில்லை. உண்மைதான். பனடால் பாராசிட்டமால் என்று நமக்குத் தெரியும், கொண்டுவந்தவருக்குத் தெரியாது. அந்தக் கீழக்கரைப் பையனின் வாப்பா பனடாலையும் நம் ஊர்க் காய்ச்சல் மாத்திரையையும் வேறு வேறு மருந்தென்று நினைத்து, இரண்டையும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தார். வெளிநாட்டு அட்டையில் அரபு எழுத்தோடு ஆங்கிலத்திலும் பொதுப்பெயர் இருக்கும். அதைத்தான் தட்ட வேண்டும், பெரிய எழுத்திலுள்ள பெயரை அல்ல. ஒரு பிராண்டுப் பெயர் வேறு நாட்டில் வேறு மருந்துக்கும் இருக்கக்கூடும்.

பாம்பனிலிருந்து ஒரு செவிலியர் கேட்டார்: கடற்பாம்பு கடித்தால் செயலியில் என்ன தேடுவது? அமெரிக்கச் செயலியில் நஞ்சுமுறி மருந்து என்று தேடினால் அந்த நாட்டுக் கிலுகிலுப்பை விரியனுக்கான மருந்துதான் வரும்; நமக்கு ஆகாது. நம் மருத்துவமனைகளில் இருக்கும் பன்முக நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. வலையில் மீனோடு ஏறிவரும் கடற்பாம்பின் நஞ்சுக்கு அது வேலை செய்யாது. தசைவலி, சிறுநீர் கறுத்துப் போவது, மூச்சுத் தசைகள் தளர்வது ஆகியவற்றைக் கவனித்தபடி, செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். இதை எந்தச் செயலியிலும் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது என்பதால் ஒரு தாளில் எழுதி அவசர மருந்துத் தட்டின்மேல் ஒட்டச் சொன்னேன். ஒட்டிவிட்டதாகப் படம் அனுப்பியிருந்தார்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் போதாதா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு நோயைப் பற்றிப் புரிந்துகொள்ளக் கேளுங்கள். அளவுக்கும் இடைவினைக்கும் நான் அதைக் கேட்பதில்லை. அது தரும் எண் எந்த நூலின் எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்று திறந்து பார்க்க முடியாத வரையில் அதைச் சீட்டில் எழுத என் கை வராது.

இன்னொருவர், ஃப்ளுகோனசோல் விஷயத்தை அரசுக்குத் தெரிவித்தீர்களா என்று கேட்டிருந்தார். தெரிவித்தேன். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் அழைக்கலாம். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, என்ன நேர்ந்தது என்பவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

வலை பின்னும் பெரியவர் இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். பையைக் கவிழ்த்ததும் அட்டைகளை அவரே வரிசையாக அடுக்கி எண்ணுகிறார். போன வாரம் எட்டு இருந்தது. எட்டாவது, அடுத்த வீட்டுக்காரர் முதுகுவலிக்குக் கொடுத்த மாத்திரை. அதை எடுத்து மேசையின் என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, "இதைப் போடுவதற்கு முன்னால் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தேன், டாக்டரம்மா" என்றார்.